நீர்த்தேக்கத்து மீன்வளம்

அணை என்றவுடன் பாசனமும் மின்சாரமும் நினைவுக்கு வருகின்றன. மேட்டூரில் தேங்கும் காவிரி நீர் டெல்டா மாவட்டங்களின் நெல்வயல்களை நனைக்கிறது. பக்ராவில் தேங்கும் சட்லஜ் நீர் பஞ்சாப், அரியானா, இராசத்தான் மாநிலங்களின் கோதுமை வயல்களை வளப்படுத்துகிறது. இவ்விரு நீர்த்தேக்கங்களும் தரும் மூன்றாவது விளைச்சல் ஒன்று உண்டு. அது மீன். சொந்த நிலம் இல்லாத எத்தனையோ குடும்பங்கள் இந்த நீரையே தம் வயலாகக் கொண்டு வாழ்கின்றன.

உழவர் எவ்வளவு வறுமையுற்றாலும் விதைநெல்லைச் சமைத்து உண்ண விரும்புவதில்லை. இன்று அதை உண்டுவிட்டால் அடுத்த ஆண்டு வயலில் இடுவதற்கு ஒன்றும் இராது என்பதை அவர் அறிவார். நீர்த்தேக்கத்து மீனுக்கும் இவ்விதி பொருந்தும். எந்த மீனை நீரில் விடுவது, எதைப் பிடிப்பது, எதைப் பிடிக்காமல் விட்டுவைப்பது என்னும் மூன்று முடிவுகளையும் பொறுத்தே அதன் மீன்வளம் அமைகிறது.

ஆறு ஏரியாகும்போது

காவிரி ஒகேனக்கல்லில் அருவியாக வீழ்ந்து, பாறைகளுக்கிடையே விரைந்து ஓடி, சற்றுத் தொலைவிலேயே மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடைகிறது. 1925ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வணையின் கட்டுமானம் 1934ஆம் ஆண்டு நிறைவுற்றது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் இது ஸ்டான்லி நீர்த்தேக்கம் என அழைக்கப்படுகிறது. இதன் முழு நீர்மட்டம் 120 அடி. முழுமையாக நிரம்பும்போது நீர்ப்பரப்பு ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கும். நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், மூழ்கிய ஊர்களின் எச்சங்களாகப் பண்ணவாடிப் பகுதியில் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளிப்படுவதைக் காணலாம்.

ஓடும் நீருக்கும் தேங்கிய நீருக்கும் வேறுபாடு மிகுதி. ஓடும் நீர் பாறைகளில் மோதிக் காற்றை உள்வாங்குவதால் அதில் உயிர்வளி நிறைந்திருக்கும். தேங்கிய நீரின் மேற்பரப்பு வெயிலால் சூடாகும். அடியாழம் இருண்டும் குளிர்ந்தும் உயிர்வளி குறைந்தும் இருக்கும். ஆறு சுமந்துவரும் வண்டல் அடியில் படியும். நீரில் மூழ்கிய செடிகொடிகள் அழுகி உரமாக மாறும். அதனால் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய மிதவை உயிரிகள் முதற்சில ஆண்டுகளில் ஏராளமாகப் பெருகும். அவற்றை உண்ணும் மீன்களும் பெருகும். அந்த உரம் தீர்ந்தபின் மீனின் அளவு குறைந்து ஒரு நிலைக்கு வந்து நிற்கும். புதிய அணை தந்த மீனை எண்ணிப் பழைய அணையிலும் அதே அளவை எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவது இதனால்தான்.

தடைப்பட்ட பயணம்

சில மீன்களுக்கு அணை புதிய வீடாக அமைகிறது. சிலவற்றுக்கோ அது தாண்ட முடியாத சுவர். உல்லம் என்னும் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றை எதிர்த்து நீந்தி மேலேறும் இயல்புடையது. வங்காளத்தில் இலிஷ் என்றும், பிற இடங்களில் ஹில்சா என்றும் பெரிதும் விரும்பப்படும் மீன் இதுவே. முற்காலத்தில் காவிரியிலும் உல்லம் ஏறி வந்தது. மேட்டூர் அணை எழுந்தபின் ஆற்றின் நீரோட்டம் மாறியது. மேலேறும் வழியும் அடைபட்டது. காவிரியின் உல்லம் மீன்பிடிப்பு நலிவுற்றது. கங்கையிலும் இதே நிகழ்ச்சி பின்னாளில் நேர்ந்தது. 1975ஆம் ஆண்டு பராக்கா தடுப்பணை செயற்படத் தொடங்கியபின், அதற்கு மேலுள்ள நகரங்களில் உல்லம் மிகவும் அரிதாயிற்று.

மஹசீர் என்னும் பெருமீனும் ஓடும் நீரை நாடுவது. காவிரிக்கே உரிய திமிலுள்ள மஹசீர் இன்று அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களுள் ஒன்றாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளது. ஆற்றின் ஓட்டம் தடைப்பட்டதும், அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன்களும் அதன் நலிவுக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

வெளியிலிருந்து வந்த மீன்கள்

வாளை, கெளுத்தி, விரால், பலவகைக் கெண்டைகள் ஆகியவை காவிரியில் இயற்கையாக வாழ்பவை. இன்று மேட்டூர்ச் சந்தைகளில் மிகுதியாக விற்கப்படும் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்றும் காவிரிக்கு உரியவை அல்ல. அவை வடஇந்திய ஆறுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவற்றை ஒன்றாகச் சேர்த்து வளர்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு. கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிரிகளை உண்கிறது. அதன் வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதும் அதற்காகவே. ரோகு நடுமட்டத்தில் இரை தேடுகிறது. மிருகால் அடித்தரையில் மட்கிய பொருள்களை உண்கிறது. ஒரே நீரில் மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிடாமல் வாழ்கின்றன. மூன்று தளங்கள் கொண்ட வீட்டில் மூன்று குடும்பங்கள் வாழ்வதைப் போன்றது இது.

ஆயின் இம்மீன்களிடம் ஓர் இயல்பு உண்டு. மழைக்காலத்தில் புதுவெள்ளம் பாயும் ஆற்றிலேயே இவை முட்டையிடும். தேங்கிய நீரில் நன்கு வளரும். ஆனால் இனம் பெருக்குவதில்லை. ஆகையால் முன்னாளில் வெள்ளக்காலத்தில் ஆற்றங்கரைகளில் நுண்வலை கட்டிக் குஞ்சுகளைச் சேகரிக்க வேண்டியிருந்தது. அவ்வாறு சேகரித்தவற்றில் வேண்டாத மீன்களின் குஞ்சுகளும் கலந்திருந்தன.

இத்தடையை நீக்கியவர் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிவியலாளர். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஒடிசாவில், கே. எச். அலிகுன்ஹியுடன் இணைந்து அவர் ஒரு சோதனையில் வெற்றி கண்டார். மீனின் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, அதன் சாற்றை முதிர்ந்த மீன்களுக்கு ஊசிமூலம் செலுத்தியபோது, அவை ஆற்று வெள்ளம் இன்றியே முட்டையிட்டன. தூண்டு முறை இனப்பெருக்கம் எனப்படும் இம்முறை நாடெங்கும் பரவியது. ஜூலை 10ஆம் நாள் ஆண்டுதோறும் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இன்று மேட்டூர் உள்ளிட்ட பல இடங்களில் அரசின் மீன்குஞ்சு உற்பத்திப் பண்ணைகள் உள்ளன. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளை உடனே நீர்த்தேக்கத்தில் விடுவதில்லை. வாளை போன்ற ஊனுண்ணி மீன்கள் அவற்றை நொடிப்பொழுதில் விழுங்கிவிடும். எனவே குஞ்சுகள் விரல் நீளம் வரும்வரை குளங்களில் வளர்க்கப்படுகின்றன. அந்நிலையில் அவற்றுக்கு விரலிகள் என்று பெயர். விரலிகளை நீர்த்தேக்கத்தில் விடுவதே நீரில் விதைக்கும் விதைப்பு ஆகும்.

பரிசலும் வலையும்

மேட்டூர் மீனவர் பரிசலில் செல்கின்றனர். மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, நீர் புகாதபடி அடிப்புறத்தில் உறையிட்டு அமைக்கப்படும் கூடை வடிவப் படகே பரிசல். முற்காலத்தில் தோலால் உறையிட்டனர். பிற்காலத்தில் நெகிழித் தாள் அதன் இடத்தைப் பெற்றது. பரிசல் எடை குறைந்தது. ஒருவரே தலையில் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம். நீர்மட்டம் ஏறியும் இறங்கியும் கரை இடம் மாறிக்கொண்டே இருக்கும் நீர்த்தேக்கத்துக்கு இத்தகைய படகு மிகவும் ஏற்றது.

அவர்கள் பெரிதும் பயன்படுத்துவது செவுள் வலை. மாலையில் இவ்வலையைச் சுவர்போல் நீரில் தொங்கவிடுவர். மேல்விளிம்பில் மிதவைகளும் கீழ்விளிம்பில் எடைகளும் கட்டப்பட்டிருக்கும். இருளில் வலையைக் காணாத மீன் அதன் கண்ணுக்குள் தலையை நுழைக்கும். உடலின் பருத்த பகுதி நுழையாது. பின்வாங்க முயன்றால் நூல் செவுளில் மாட்டிக்கொள்ளும். விடியற்காலையில் மீனவர் வலையை இழுத்து மீனை எடுப்பர்.

வலைக்கண்ணின் அளவில்தான் நீர்த்தேக்கத்தின் எதிர்காலம் அடங்கியுள்ளது. கண் பெரிதானால் சிறுமீன்கள் அதன் வழியே தப்பிச் செல்லும்; வளர்ந்த மீன்கள் மட்டும் மாட்டும். கண் சிறிதானால் வளர வேண்டிய மீன்களும் அகப்படும். ஆகையால் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த கண்ணுடைய வலைகளைப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி பல மாநிலங்களில் உள்ளது.

ஒரு கணக்கு இதனை விளக்கும். கால் கிலோ எடையுள்ள நான்கு கட்லா மீன்களை ஒருவர் இன்று பிடித்தால் அவருக்கு ஒரு கிலோ மீன் கிடைக்கும். அந்நான்கையும் விட்டுவிட்டார் எனக் கொள்வோம். அவற்றுள் இரண்டு பிற மீன்களுக்கு இரையாகிவிட்டாலும், எஞ்சிய இரண்டும் ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தாண்டி வளர்ந்தால் கிடைப்பது இரண்டு கிலோவுக்கு மேல். பெரிய மீனுக்குக் கிலோ ஒன்றுக்கு விலையும் கூடுதல்.

இக்கணக்கை மீனவர் அறியாதவர் அல்லர். ஆயினும் அவர் முன் ஒரு வினா நிற்கிறது: தாம் விட்ட மீனை அடுத்த பரிசல்காரர் பிடித்துவிட்டால் என் செய்வது? வயலுக்கு வரப்பு உண்டு. நீருக்கு வரப்பு இல்லை. அன்றைய அடுப்பு எரிய வேண்டிய நிலையில் உள்ளவர், பிறர் பொறுத்திருப்பர் என்னும் நம்பிக்கை இல்லாதபோது தாம் மட்டும் பொறுத்திருத்தல் அரிது. எல்லாரும் சேர்ந்து விதியை ஏற்றால்தான் ஒவ்வொருவரும் அதனைக் கடைப்பிடிக்க இயலும். இதற்காகவே மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தேவைப்படுகின்றன.

வெள்ளிக்கெண்டையின் வருகை

இனி இமயத்தின் அடிவாரத்துக்குச் செல்வோம். இமாசலப் பிரதேசத்தில் சட்லஜ் ஆற்றின் குறுக்கே 226 மீட்டர் உயரத்தில் பக்ரா அணை நிற்கிறது. 1963ஆம் ஆண்டு பிரதமர் நேரு இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அணைக்குப் பின்னால் மலைகளுக்கிடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்குத் தேங்கிய நீருக்குக் குரு கோவிந்த் சிங்கின் பெயரால் கோவிந்த் சாகர் என்று பெயர். பழைய பிலாஸ்பூர் நகரமும் பல ஊர்களும் இதனுள் மூழ்கின. இங்கும் நீர் வற்றும் மாதங்களில் பழைய கோயில்கள் தலைகாட்டுகின்றன. நிலத்தை இழந்தோருள் சிலர், தம் நிலத்தை மூடிய நீரிலேயே மீன்பிடித்து வாழத் தொடங்கினர்.

இந்நீர்த்தேக்கத்திலும் கட்லா, ரோகு, மிருகால் ஆகியவற்றின் குஞ்சுகள் விடப்பட்டன. 1971ஆம் ஆண்டு எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. பிலாஸ்பூரை அடுத்த தியோலி மீன் பண்ணையில் வெள்ளம் புகுந்தது. அங்கு வளர்க்கப்பட்ட வெள்ளிக்கெண்டைகள் வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்பட்டு நீர்த்தேக்கத்தில் கலந்தன. வெள்ளிக்கெண்டை சீன நாட்டைச் சேர்ந்தது. 1959ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நீரில் மிதக்கும் நுண்தாவரங்களைச் செவுளால் வடிகட்டி உண்ணும் இயல்புடையது.

குளிர்ந்த நாட்டு மீனாகிய அதற்கு இமயத்து நீர் ஏற்றதாக இருந்தது. 1977ஆம் ஆண்டு பியாஸ் ஆற்றின் குளிர்நீரும் கால்வாய் வழியாகவும் சுரங்க வழியாகவும் சட்லஜுக்குத் திருப்பப்பட்டது. கட்லா தேங்கிய நீரில் இனம் பெருக்காது. வெள்ளிக்கெண்டையோ நீர்த்தேக்கத்துக்கு மேலுள்ள ஆற்றுப்பகுதிக்கு ஏறித் தானே இனம் பெருக்கிக்கொண்டது. மேல்மட்டத்து உணவுக்கு இரண்டும் போட்டியிட்டன. காலப்போக்கில் கட்லா குறைந்தது. வலையில் மாட்டும் மீன்களுள் வெள்ளிக்கெண்டையே முதலிடம் பெற்றது.

இதனால் விளைந்தது நன்மையா, தீமையா? இரண்டும் உண்டு. பிடிபடும் மீனின் மொத்த எடை உயர்ந்தது. நாட்டின் பெரிய நீர்த்தேக்கங்களுள் மீன் விளைச்சலில் கோவிந்த் சாகர் சிறந்து விளங்கியது. ஆயின் வெள்ளிக்கெண்டை விரைவில் கெட்டுப்போகும், முள்ளும் மிகுதி, ஆதலால் கட்லாவுக்குக் கிடைக்கும் விலை அதற்குக் கிடைப்பதில்லை. எடை கூடியதற்கு ஈடாக வருவாய் கூடவில்லை. ஒரு முறை நீரில் கலந்துவிட்ட மீனைத் திரும்பப் பெறவும் வழியில்லை. விதைப்பவர் விதையைத் தெரிந்து விதைக்க வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டு மாத ஓய்வு

இமாசலப் பிரதேசத்து நீர்த்தேக்கங்களில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் இரண்டு மாதம் மீன்பிடிப்பு முற்றிலும் தடை செய்யப்படுகிறது. அக்காலத்தில்தான் பல மீன்கள் முட்டையிடுகின்றன. ஒரு கிலோ எடையுள்ள பெண் ரோகு இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். அவற்றுள் மிகச் சிலவே பெரிய மீனாக வளரும் என்றாலும், முட்டையிடுமுன் அந்த ஒரு மீனைப் பிடித்தால் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் அதனோடு முடிந்துவிடும்.

தடைக்காலத்தில் மீனவரின் வீட்டுக்கு வருவாய் வேண்டும் அன்றோ? அதற்கென ஒரு சேமிப்பு நிவாரணத் திட்டம் உள்ளது. மீன்பிடிக்கும் மாதங்களில் மீனவர் சிறுதொகையைச் சேமிப்பர். மத்திய, மாநில அரசுகளும் தத்தம் பங்கைச் சேர்க்கும். அத்தொகை தடைக்காலத்தில் மீனவருக்கு வழங்கப்படும். பிற மாதங்களில் பிடிக்கும் மீனைச் சங்கத்தின் மூலம் குறிப்பிட்ட இறங்குதுறைகளில் எடையிட்டு விற்கின்றனர். எல்லார் கண்முன்னும் மீன் எடையிடப்படுவதால், சிறுமீன் பிடித்தவர் அதனை மறைப்பது எளிதன்று. ‘அடுத்தவர் பிடித்துவிட்டால்?’ என்னும் ஐயத்துக்கு இங்குக் கிடைக்கும் விடை இதுவே.

பொழுதுபோக்குக்காகத் தூண்டிலிடுவோரும் இத்தகைய விதிக்கு உட்பட்டவரே. அமெரிக்காவின் நீர்த்தேக்கங்களில் பாஸ் என்னும் மீனைத் தூண்டிலில் பிடிப்பது பரவலான விளையாட்டு. அங்குப் பல இடங்களில் குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்த பாஸ் மீனை உடனே நீரில் விட்டுவிட வேண்டும். ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளக்கூடிய மீன்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. தூண்டிலும் செவுள் வலையும் வேறு. விளையாட்டும் பிழைப்பும் வேறு. விதைமீனைக் காக்கும் கடமை இரண்டுக்கும் பொது.

காவிரியின் உல்லம் அணையால் தன் வழியை இழந்தது. கோவிந்த் சாகரின் கட்லா ஒரு வெள்ளத்தால் தன் இடத்தை இழந்தது. இவற்றை மாற்றுவது இன்று எளிதன்று. ஆனால் இவ்வாண்டு நீரில் விடப்படும் விரலி எது, மீனவர் கையிலுள்ள வலையின் கண் எவ்வளவு, தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கிறதா என்பவை இன்றும் மனிதரின் கையில் உள்ளவை. அவற்றைச் சரியாகச் செய்யும் ஊரில் அடுத்த ஆண்டும் வலை கனக்கும்.

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. புதிய அணையில் முதற்சில ஆண்டுகள் மீன் மிகுதியாகக் கிடைப்பது ஏன்?
2. கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்றையும் ஒரே நீரில் வளர்க்க இயலும். எவ்வாறு?
3. விரலிகள் என்பவை யாவை? குஞ்சுகளை அந்நிலை வரும்வரை குளங்களில் வளர்ப்பது ஏன்?
4. செவுள் வலையில் மீன் அகப்படும் முறையை உம் சொற்களில் விளக்குக.

ஆ. சிந்தித்து எழுதுக.
1. கோவிந்த் சாகரில் வெள்ளிக்கெண்டை கலந்ததால் மீனவருக்கு விளைந்த நன்மை ஒன்றையும் இழப்பு ஒன்றையும் எழுதுக.
2. ‘நீருக்கு வரப்பு இல்லை’ என்னும் தொடர் மீனவரின் எந்த இடர்ப்பாட்டைக் குறிக்கிறது?

இ. செயல்பாடு
நீங்கள் வாழும் ஊரின் சந்தையில் விற்கப்படும் நன்னீர் மீன்கள் ஐந்தின் பெயர்களை அவ்வூர் மொழியில் கேட்டு எழுதுக. அவற்றின் தமிழ்ப் பெயர்களை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எதிரே எழுதுக.